சபுகாவின் மேல் ஒரு சாலை

ஜனவரி 9, வெள்ளி

நடந்த அநியாயம் இது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணைய வரைபடத்தில், சபுகா என்கிற எங்கள் உப்புச் சதுப்பின் குறுக்கே யாரோ ஒரு சாலை வரைந்திருக்கிறார்கள். அங்கே சாலை கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. நான் அழித்தேன். மறுபடி வரைந்தார்கள். மறுபடி அழித்தேன். இப்போது என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். 'பிறர் செய்த திருத்தங்களைத் திரும்பத் திரும்ப நீக்கியதால்' சில நாள் தடை என்று கடிதம். பொய்யை வரைந்தவர் வெளியே இருக்கிறார். அழித்தவன் உள்ளே.

எங்கள் பிர் ரக்பா இந்தப் பொது வரைபடத்தில் ஒரு காலத்தில் வெறும் வெள்ளைத் திட்டு. நெடுஞ்சாலை ஒரு கோடாக வந்து ஒரு கோடாகப் போகும், நடுவில் ஊர் இருப்பதே தெரியாது. என் வண்டி உதிரிபாகக் கடையை மூடிய பிறகு நானே உட்கார்ந்து படித்து, நானே தெருத் தெருவாக நடந்து வரைந்தேன். மருந்துக்கடை, பள்ளிவாசல்கள், தண்ணீர்த் தொட்டி, ரொட்டி சுடும் இடம், நாய் கடிக்கிற சந்து. (நாயை வரையக் கூடாதாம். எடுத்துவிட்டேன்.) யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் நன்றி சொல்லவும் இல்லை. அது கிடக்கட்டும்.

சபுகா அப்படிக் கிடக்க முடியாது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது சிமெண்ட் பூசிய மைதானம் மாதிரி தெரியும். மேலே விரல் கனத்துக்கு உப்பு ஓடு, கீழே ஆழம் தெரியாத சேறு. மழை பெய்தால் அந்த ஓடும் போய்விடும். அதற்கு அந்தப் பக்கம் அய்ன் ஹமாமா என்கிற சிற்றூர். நிஜச் சாலை சபுகாவைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஒரு மணி நேரம் ஆகும். இந்தப் பொய்க் கோட்டில் போனால் கால் மணி நேரம் என்கிறது ஃபோன்.

ஒவ்வொரு செவ்வாயும் நடமாடும் மருத்துவ வண்டி அய்ன் ஹமாமாவுக்குப் போகிறது. அதில் நர்ஸ் என் மகள் நஜ்வா. ஓட்டுபவன் ஆதில், தலைநகரத்துப் பையன், இங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஃபோன் எந்தப் பக்கம் சொல்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறவன்.

அக்டோபரில் பெய்ததற்குப் பிறகு ஒரு துளி இல்லை. ஆனால் இந்த மாதம் பெய்யும். பெய்யாமல் இருந்ததில்லை.

ஜனவரி 10

ஸொஹ்ராவிடம் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால்: "பூட்டிட்டாங்களா? நல்லதாப் போச்சு. வாசல் விளக்கு எரியலைன்னு எத்தனை நாளாச் சொல்றேன். அதையும் மேப்புல போட்டாத்தான் கண்ணுக்குத் தெரியுமோ?"

விளக்கை மாற்றினேன். வேறு வேலை இல்லையே.

அவள் தம்பி லமீன் வந்து சிரித்துவிட்டுப் போனான். அவனுடைய ஒட்டகம் மறுபடியும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். அய்ன் ஹமாமாவில் வாங்கிய ஒட்டகம், அவிழ்ந்தால் பழைய வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுகிறது. இவன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய் ஏற்றி வருகிறான். ஒட்டகத்தை அடக்கத் தெரியாதவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

ஜனவரி 11

சாலையை மீண்டும் வரைந்தவரிடமிருந்து செய்தி. 'பூநாரை' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். கடற்கரை நகரம் ஒன்றில் பள்ளி ஆசிரியை என்று தெரிகிறது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். அதுவே எரிச்சல்.

சாலையை முதலில் வரைந்தவர் அவர் இல்லையாம். ஆனால் அந்த இடத்தில் பலர் தங்கள் ஃபோனில் பதிவான வழித்தடங்களை ஏற்றியிருக்கிறார்களாம், ஒன்றல்ல, பல. ஆகவே அங்கே ஏதோ போகிறது. 'ஐயா, வண்டி போக முடியாது என்றால் அழிக்காதீர்கள். அது எதுவோ அதுவாக வரைந்து, வண்டிக்கு ஆகாது என்று குறித்துவிடுங்கள். வெற்றிடமாக விட்டால் இன்னொருவர் வந்து நிரப்புவார்.'

இல்லாத ஒன்றை நான் வரைய வேண்டுமாம்! இல்லாதது இல்லாததாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் வரைபடம். பதில் எழுதினேன்: 'நான் இந்த ஊரில் பிறந்தவன். அங்கே எதுவும் போவதில்லை.'

ஜனவரி 13, செவ்வாய்

வண்டி போய்த் திரும்பிவிட்டது. சுற்றுச் சாலையில்தான். நஜ்வா பிடிவாதம் பிடித்திருக்கிறாள், அந்த மட்டுக்கு என் மகள்.

ஆதில் வாசலில் இறக்கிவிட வந்தபோது பிடித்துக்கொண்டேன். சபுகா என்றால் என்ன என்று விளக்கினேன். அவன் ஃபோனை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. நாலு கோடி பேர் பார்க்கிற மேப்பு. அத்தனை பேருமா தப்பு?"

அந்த மேப்பில் இந்த ஊரையே வரைந்தவன் நான்தான்டா என்று சொல்ல வாயெடுத்தேன். நஜ்வா என் கையை அழுத்தினாள்.

ஜனவரி 14

தடை நீங்கியது. அழித்தேன்.

ஜனவரி 16

மறுபடி வந்துவிட்டது. இந்த முறை பூநாரைகூட இல்லை. வேறு யாரோ, வேறு நாட்டில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு 'இரண்டு சாலைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது, சரிசெய்தேன்' என்று எழுதியிருக்கிறார். சபுகாவை ஈரமாகத் தொட்டிருப்பாரா அந்த மனிதர்? உப்பு என்றால் சாப்பாட்டு மேசையில் இருப்பது என்று நினைத்திருப்பார்.

ஜனவரி 18

மொபெட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். நெடுஞ்சாலையிலிருந்து அந்தப் பொய்க் கோடு பிரியும் திருப்பம் வரைக்கும். ஆதாரம் வேண்டும் அல்லவா, ஆதாரம் தருகிறேன்.

டயர்த் தடம் ஒன்றுகூட இல்லை. படம் எடுத்தேன். குச்சியால் குத்தினேன், முழங்கை நீளத்துக்கு இறங்கியது. அதையும் படம் எடுத்தேன். தூரத்தில் கறுத்த புதர்கள் ஒரு வரிசையாக. ஒட்டகச் சாணம் கொஞ்சம் கிடந்தது. ஒட்டகம் எங்கேதான் போகாது.

இதையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறேன். பார்க்கட்டும்.

ஜனவரி 19

பூநாரை படங்களைப் பார்த்துவிட்டார். 'நன்றி ஐயா. வண்டி போவதில்லை என்பது இப்போது தெளிவு. அப்படியானால் அந்தத் தடங்கள் யாருடையவை? எல்லாமே பிர் ரக்பாவின் மேற்கு ஓரத்தில் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?'

திறந்து பார்த்தேன். மேற்கு ஓரம். பேரீச்சைத் தோப்புக்குப் பக்கத்தில், நான் என் கையால் வரைந்த கொட்டகை.

லமீன் வீட்டுக் கொட்டகை.

தடத்தில் பதிவாகியிருப்பது நடக்கிற வேகம். நடுநடுவே புதர் இருக்கிற இடத்தில் எல்லாம் நின்று நின்று போயிருக்கிறது. நிற்கிறது, மேய்கிறது, நடக்கிறது. மனிதன் அப்படிப் போகமாட்டான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். ஒட்டகம் கொட்டகையில் நின்று என்னைப் பார்த்து மென்றுகொண்டிருந்தது.

"ஒட்டகத்துக்கு எதுக்குடா ஃபோனு?" என்றேன்.

கொஞ்சமாவது வெட்கப்படுவான் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறான். "கண்டுபிடிச்சிட்டீங்களா? ஊர்ல ஒருத்தருக்காச்சும் மூளை இருக்கு மச்சான்."

லமீன் தர்ஃபாஸ் எடுக்கிறவன். மழைக்குப் பிறகு மண்ணுக்குள்ளே பருக்கிற அந்தக் காளானுக்காக இந்த மூன்று மாதம் அவனைப் போன்றவர்கள் சொந்த மனைவியிடம்கூட உண்மை பேசமாட்டார்கள். வடக்கே எடுத்தவன் தெற்கிலிருந்துதான் ஊருக்குள் வருவான். டயர்த் தடத்தைப் பேரீச்சை மட்டையால் கூட்டிவிட்டு வருவான். எல்லோரும் அப்படித்தான், யாரும் குறை சொல்வதில்லை. இவன் ஒரு படி மேலே போயிருக்கிறான். பக்கத்து ஊர்க்காரர்கள் ஃபோன் தடத்தைப் பார்த்துப் பின்னால் வருகிறார்கள் என்று, ஃபோனை ஒட்டகத்தின் பையில் போட்டு அவிழ்த்துவிட்டிருக்கிறான். அது தன்பாட்டுக்கு அய்ன் ஹமாமாவுக்கு நடந்திருக்கிறது. இவன் எதிர்ப்பக்கம் போயிருக்கிறான். தடத்தை வெவ்வேறு பெயரில் ஊரறிய ஏற்றியும் வைத்திருக்கிறான்.

"எழுதுடா" என்றேன். "இது ஒட்டகம் போன தடம்னு நீயே எழுதிப் போடு."

"எழுதுனா? அய்ன் ஹமாமா பக்கம் ஒண்ணும் இல்லைன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோகும். மிச்சம் இருக்கிறது ஒரே பக்கம்தான். இந்த வருஷச் சாப்பாடே அங்கதான் இருக்கு. சீசன் முடியட்டும் மச்சான். மார்ச்ல எழுதித் தர்றேன். வேணும்னா ஒட்டகத்தையும் கையெழுத்துப் போடச் சொல்றேன்."

"மார்ச் வரைக்கும் மழை உன்னைக் கேட்டுட்டு நிக்குமா?"

அதற்கு அவன் சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றினான். குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வண்டி சுற்றித்தான் போனது. தரையும் காய்ந்துதான் இருக்கிறது. நஜ்வாவுக்கு ஃபோன் போட்டு எந்த வழி என்று கேட்டபோது, "வாப்பா, ஒவ்வொரு தடவையும் கேப்பீங்களா?" என்றாள். கேட்பேன்.

ஜனவரி 21

லமீனுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேனா?

ஸொஹ்ரா அப்படித்தான் நினைக்கிறாள். "என் தம்பி பொழைப்புல மண்ணைப் போட்றாதீங்க" என்று காலையில் ரொட்டியோடு சேர்த்து அதையும் வைத்தாள். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பூநாரைக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் என்ன ஆகும்? அங்கே ஏதோ போகிறது என்று அவர் சொன்னது சரி என்றாகும். 'எதுவும் போவதில்லை' என்று நான் எழுதியது அங்கேயே நிற்கும், எல்லோரும் படிக்க.

எழுதவில்லை. சாலை இல்லை என்பது உண்மை. உண்மைக்கு இத்தனை வால் எதற்கு?

ஜனவரி 23

மழை.

ஜனவரி 24

நிற்கவில்லை. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன ஸொஹ்ரா நனைந்துகொண்டே நின்று சிரிக்கிறாள். ஊரே சிரிக்கிறது. நான் மட்டும் ஃபோனில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அழித்தேன். 'மழை பெய்கிறது. இந்தக் கோடு ஆளைக் கொல்லும்' என்று காரணம் எழுதினேன். சாயங்காலத்துக்குள் பூட்டு. இந்த முறை ஒரு மாதம்.

பூநாரையின் செய்தியும் கூடவே. தடையை அவர் கேட்கவில்லையாம், பேசிப் பார்த்தாராம். 'அந்தத் தடங்களைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். நானே மாற்றிவிடுகிறேன்.' ஒரு வரிதான் கேட்கிறார்.

ஜனவரி 26

மழை விட்டது. கோடு திரும்பி வந்துவிட்டது, புது ஆள், புது நாடு. வெள்ளையாக ஓர் இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காத ஆட்கள். நானும் அப்படித்தானே தொடங்கினேன்.

சபுகா கண்ணாடி மாதிரி கிடக்கிறது. ஓரத்தில் பூநாரைகள்கூட இறங்கியிருக்கின்றன, நிஜமானவை.

மருத்துவமனை வாசலில் ஆதிலைப் பார்த்தேன். நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தான்: "சுத்தித்தான் போவேன் மாமா. உங்க பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கும்போது வேற வழியில போக எனக்கென்ன பைத்தியமா?"

நஜ்வா பக்கத்தில் இருக்கும் வரை பயமில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

நஜ்வா பக்கத்தில் இல்லை.

காலையில் அவளை அய்ன் ஹமாமாவில் விட்டுவிட்டு, தடுப்பூசிப் பெட்டி எடுக்க ஆதில் மட்டும் ஊருக்கு வந்திருக்கிறான். மதியம் அங்கே ஒரு பெண்ணுக்கு வலி வந்து, முதல் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. நஜ்வா ஆதிலைக் கூப்பிட்டு 'உடனே வா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்' என்றிருக்கிறாள். உடனே வா என்றால் அந்தப் பையன் என்ன செய்வான்?

பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நஜ்வாவின் ஃபோன். "வாப்பா, ஆதில் கெளம்பி ரொம்ப நேரமாச்சு. ஃபோன் எடுக்க மாட்டேங்கிறான். இந்தப் பொண்ணு..." பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

லமீன் வீட்டுக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் பிக்கப்பின் சாவியை எடுத்துவிட்டான். என் முகத்தில் என்ன இருந்ததோ.

திருப்பத்தில் புது டயர்த் தடம். உள்ளே போகிறது. தூரத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, கதவு வரை சேற்றில். கூரை மேல் ஆதில், சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு. உயிரோடு இருக்கிறான்.

லமீன் பிரேக்கில் கால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒரே வண்டி. இரண்டு பக்கம்.

"நீ போடா. சுத்துவழியில அந்தப் பொண்ணுகிட்டப் போ. இவனை நான் பார்த்துக்கிறேன்."

"எப்படி மச்சான்? நீங்க எப்படி உள்ளாற போவீங்க?"

அதற்கு அவனே பதிலும் சொன்னான், கண்ணைப் பார்க்காமல்: "கறுப்புப் புதர் வரிசை இருக்குல்ல, அதை விடாதீங்க. அது கொஞ்சம் மேடு. ஒட்டகம் அதுமேலதான் போகும், மழையானாலும். அந்தக் கோட்டை வரைஞ்சவன் நேரா இழுத்துட்டான். அது நேராப் போறதில்லை."

அவன் போய்விட்டான். நான் ஃபோனைத் திறந்து ஒட்டகத்தின் தடத்தைப் போட்டேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

எதுவும் போவதில்லை என்று நான் எழுதிய இடத்தில் நடந்தேன். செருப்பு போனது. ஒட்டகம் வளைந்த இடத்தில் வளைந்தேன். அது நின்று மேய்ந்த இடத்தில் நானும் நின்று மூச்சு வாங்கினேன். ஒரு முறை அவசரத்தில் நேரே கால் வைத்தேன், தொடை வரை உள்ளே. புதரைப் பிடித்துத்தான் எழுந்தேன். கையெல்லாம் உப்பு, கீறல், எரிச்சல்.

ஆதில் அழுதுகொண்டிருந்தான். புதர் வரிசைக்கும் வண்டிக்கும் நடுவே மோசமான சேறு. வண்டிக்குள் இருந்த ஸ்ட்ரெச்சரை எடுத்துப் போடச் சொன்னேன். அதன் மேல் வயிற்றால் ஊர்ந்து வந்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, என் பாதம் எடுத்த இடத்தில் அவன் பாதம் வைத்து, வெளியே வந்தோம். வழியெல்லாம் ஒன்றையே சொன்னான்: "மேப்புல இருந்துச்சு மாமா. மேப்புல இருந்துச்சு."

தெரியும்டா. தெரியும்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் செய்தி இல்லை.

ஜனவரி 28

பெண் குழந்தை. பிக்கப்பிலேயே ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, உள்ளே போய்ப் பிறந்திருக்கிறது. தாயும் பிழைத்துவிட்டாள், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். நஜ்வா வந்து கையைக்கூடக் கழுவாமல் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 30

லமீன் நேற்றே எழுதிவிட்டான். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடத்தின் கீழும்: 'இது என் ஒட்டகம் நடந்தது. வண்டி போகவில்லை. போகாதீர்கள்.' தன் சொந்தப் பெயரில்.

இன்று விடிவதற்குள் அவனுடைய நிஜ இடத்தில் பக்கத்து ஊர் வண்டிகள் வந்து நின்றனவாம். சாயங்காலம் ஒரு துணிப்பையில் தர்ஃபாஸ் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தான். "இவ்வளவுதான் மிஞ்சுச்சு. கூஸ்கூஸ்ல போடு. அவனுங்க திங்கிறதுக்கு நாம திங்கலாம்." ஸொஹ்ரா மண் போகக் கழுவினாள். ரவை கூஸ்கூஸை மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவன் பக்கம் பெரிய துண்டுகளாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன், அவன் என் பக்கம் தள்ளினான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பூநாரைக்கு எழுதினேன். என் பூட்டு இன்னும் திறக்கவில்லை, அவர் கையால்தான் ஆக வேண்டும். 'நீங்கள் முன்பே சொன்னது போல' என்று தொடங்கினேன். எடுத்துவிட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டேன்.

அவருக்கும் மற்றவர்களுக்கும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், யாரும் பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

பூநாரை: அந்தக் கோடு 'சாலை' என்று இருப்பதை எடுத்துவிட்டு, ஒட்டகப் பாதை என்று மாற்ற வேண்டும். வண்டிக்கு ஆகாது என்று குறிக்க வேண்டும். மழைக்குப் பின் நீர் நிற்கும் என்றும். நேர்கோடாக இருக்கக் கூடாது, ஒட்டகம் வளைந்த இடத்தில் எல்லாம் வளைய வேண்டும்.

லமீன்: ஏற்றியதை நீக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஒட்டகத்துக்கு நல்ல கயிறு வாங்க வேண்டும்.

நகராட்சி: திருப்பத்தில் எச்சரிக்கைப் பலகை. மனு கொடுத்தாயிற்று. அவர்கள் வைப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும் என்பதால் பலகையும் பெயிண்டும் நான் வாங்கிவிட்டேன். நட வரவேண்டியது ஆதில்.

ஆதில்: புது வண்டி வந்ததும் முதல் நடை சுற்றுவழியில் என்னோடு வர வேண்டும், ஃபோன் இல்லாமல்.

நஜ்வா: வண்டியைத் தனியாக அனுப்பக் கூடாது. இது வேண்டுகோள் இல்லை.

நான்: பூட்டு திறந்ததும் அந்தக் கோட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், வளைவுகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று. நான் தொடை வரை இறங்கிய இடத்தில் ஒரு வளைவு விட்டுப்போயிருக்கும், அதைச் சேர்க்க வேண்டும். அங்கே சாலை இல்லை என்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அழிக்கக் கூடாது.